பரமேறினார், சரி. இப்போது அரசாளுகிறாரா?

ஆலயமணி | வியாழன், இரவு 9.50

உயிர்த்தெழுந்த இயேசு பரலோகத்துக்கு ஏறிப்போனதை நினைக்கும் பரமேறுதல் ஆராதனை இன்று சாயங்காலம் எங்கள் சபையில். வழக்கம்போல பாதி பெஞ்சுகள் காலி. கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வீடு ஸ்டார் கட்டுகிறோம், பெரிய வெள்ளிக்கு மும்மணி ஆராதனையில் உட்கார இடம் கிடைக்காது, ஈஸ்டருக்கு விடியுமுன்பே கோயிலில் கூட்டம். 40 நாள் கழித்து வரும் இந்த வியாழக்கிழமைக்கு மட்டும் ஆளில்லை. வேலை நாள் என்பது ஒரு காரணம்தான். இந்த நாளில் என்ன நடந்தது என்பதே நம் மனதில் பதியவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

பிரசங்கம் முழுக்க பிரியாவிடை பற்றியே போயிற்று. ஆண்டவர் விட்டுப் போகிறார், சீஷர்கள் கலங்கி நிற்கிறார்கள், ஆனாலும் ஆறுதல் உண்டு என்ற தோரணை. எனக்கு அங்கேயே நெருடியது. லூக்கா 24:52ஐ எடுத்துப் பாருங்கள். அவரைப் பணிந்துகொண்டு "மிகுந்த சந்தோஷத்தோடே" எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்றுதான் இருக்கிறது. இத்தனை காலம் கூடவே இருந்தவரை வழியனுப்பிவிட்டு வருகிறவர்கள் சந்தோஷமாகவா வருவார்கள்? சொந்தக்காரரைப் பஸ் ஏற்றிவிட்டு வரும்போதே நமக்கு முகம் வாடிவிடுகிறது.

இன்னொன்று. விசுவாசப் பிரமாணத்தில் அவர் பிறந்தார், பாடுபட்டார், மரித்தார், எழுந்தார் என்பதெல்லாம் நடந்து முடிந்த காரியம். நியாயந்தீர்க்க வருவார் என்பது இனி நடக்கப்போவது. நடுவில் பிதாவின் வலதுபாரிசத்தில் வீற்றிருக்கிறார் என்கிறோமே, அது ஒன்றுதான் இன்றைக்கு, இந்த நிமிடம் நடப்பது. அதைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. அப்படி உட்கார்ந்து என்ன செய்கிறார்?

வாலிபர் கூட்டத்தில் இதைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். படித்தவர்கள் கைகொடுங்கள்.

கடலோரம் | வியாழன், இரவு 10.15

எங்களுக்கு விண்ணேற்றப் பெருவிழாவை அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் கூட்டத்துக்குக் குறையில்லை. ஆனால் மறையுரை என்னவோ நீங்கள் சொல்கிற மாதிரியேதான் இருக்கும் மணி.

அரசர் என்ற எண்ணம் எங்கள் ஊரில் மக்கள் மனதுக்கு வருவது நவம்பர் கடைசியில், கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு. தெருவெல்லாம் கோலம், நற்கருணைப் பவனி, வழியெங்கும் வீட்டு வாசலில் விளக்கு. விண்ணேற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒன்று அரியணை ஏறிய நாள், இன்னொன்று அந்த அரசாட்சியைக் கொண்டாடும் நாள். அவ்வளவுதானே?

பாளை_வாசகன் | வியாழன், இரவு 11.40

தம்பி மணி, உங்கள் நெருடல் நியாயமானது. கடலோரம் சொன்னதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. மீதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போஸ்தலர் 1:9ல் ஒரு மேகம் அவரை எடுத்துக்கொண்டது என்று லூக்கா எழுதுகிறார். அது வானிலைக் குறிப்பு இல்லை. யூதன் ஒருவன் "மேகம்" என்று கேட்டதும் தானியேல் 7ம் அதிகாரத்துக்குப் போய்விடுவான். அங்கே நான்கு மிருகங்கள் கடலிலிருந்து ஏறி வருகின்றன, ஒவ்வொன்றும் ஒரு சாம்ராஜ்யம். பிறகு மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவர் வானத்து மேகங்களுடன் வருகிறார். எங்கே வருகிறார்? பூமிக்கு என்று நாம் சட்டென நினைத்துக்கொள்கிறோம். 13ம் வசனத்தை நிதானமாக வாசியுங்கள்: நீண்ட ஆயுசுள்ளவர் இடம்மட்டும் வருகிறார். அதாவது மேலே, தேவனுடைய சமுகத்துக்கு. அடுத்த வசனத்திலேயே சகல ஜனங்களும் அவரைச் சேவிக்கும்படி கர்த்தத்துவமும் ராஜரிகமும் அவருக்குக் கொடுக்கப்படுகிறது. சீஷர்கள் ஒலிவமலையில் இதன் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார்கள், தானியேல் மேல்பக்கத்தைப் பார்த்தான். ஒரே பயணம்தான். பட்டாபிஷேகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஏன் துக்கம் இருக்கப்போகிறது?

பத்து நாள் கழித்துப் பெந்தெகொஸ்தே அன்று பேதுரு பேசுவதும் இதையேதான். சங்கீதம் 110ஐ எடுத்துக்கொண்டு, தாவீது பரலோகத்துக்கு ஏறவில்லை, இவரே ஏறினார், நீங்கள் சிலுவையில் அறைந்த இவரையே தேவன் ஆண்டவரும் கிறிஸ்துவுமாக்கினார் என்று முடிக்கிறார். புதிய ஏற்பாட்டில் பழைய ஏற்பாட்டின் வேறெந்த வசனத்தையும்விட அதிகமாக எதிரொலிப்பது அந்த 110:1தான். ஆதிச் சபை எதை நம்பி வாழ்ந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு பக்கமும் உண்டு. லூக்காவின் வாசகர்கள் ரோம ராஜ்யத்தில் வாழ்ந்தவர்கள். ராஜா வானத்துக்கு ஏறுவது அவர்களுக்குப் பழகிப்போன கதை. கி.பி. 14ல் அகுஸ்து ராயன் செத்தான். லூக்கா 2ல் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டானே, அதே ஆள். தகனத்துக்குப் பிறகு நுமேரியஸ் அட்டிக்கஸ் என்ற செனட்டர், ராயன் வானத்துக்கு ஏறிப்போனதைத் தான் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தான். ராயனின் மனைவி லிவியா அதற்காக அவனுக்கு 10 லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்தாள் என்று ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதிவைத்திருக்கிறார். அந்நாளில் ஒரு ரோமப் போர்வீரனின் வருடச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். ஆயிரம் வருடச் சம்பளத்துக்கு மேலே ஒரு சாட்சிக்கு! ரோமில் தீத்துவின் வளைவு இன்றும் நிற்கிறது. உள்பக்கச் சுவரில் எருசலேம் தேவாலயத்திலிருந்து கொள்ளையடித்த ஏழுகிளை விளக்குத்தண்டைச் சுமந்து போகிறார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தால் உச்சியில் தீத்து கழுகின்மேல் வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். ஊரை எரித்தவனுக்கு அங்கே தெய்வப் பதவி.

இதற்கு நடுவில்தான் கலிலேயாக்காரர் சிலர், நீங்கள் ஆணியடித்துக் கொன்ற தச்சனே சிங்காசனத்தில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவர்கள் சாட்சிக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. கிடைத்தது சிறையும் கல்லும்தான்.

சந்தேகத்தோமா | வெள்ளி, காலை 7.05

பாளை ஐயா, நல்லா எழுதுறீங்க. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்தே நான் கேட்கலாம் இல்லையா? ரோமில் ராஜாக்களுக்கு அப்படி ஒரு கதை இருந்தது, கிறிஸ்தவர்களும் தங்கள் குருவுக்கு அப்படி ஒன்றைச் சொல்லிக்கொண்டார்கள் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

அப்புறம் "மேலே" என்றால் எங்கே? ஒலிவமலையில் மேலே என்பது பூமியின் அந்தப் பக்கம் கீழே. கிண்டலுக்குக் கேட்கவில்லை. மாம்ச சரீரத்தோடு போனார் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். சரீரம் என்றால் ஓர் இடத்தில் இருந்தாக வேண்டுமே?

எபிரெயர்_வாசகி | வெள்ளி, காலை 9.20

தோமா தம்பி, முதல் கேள்விக்குச் சுருக்கமாக. ராயன்கள் வானேறியது ஆட்சி முடிந்து, பிணம் எரிந்த பிறகு. அங்கே ஏறியது ஆவி, சரீரம் சாம்பல். லூக்கா சொல்வது நேர் எதிர். பொரித்த மீன் கண்டத்தைச் சாப்பிட்ட அதே சரீரம் போயிற்று, அதற்குப் பிறகுதான் ஆட்சியே தொடங்கியது. காப்பியடிக்கிறவன் இப்படி மாற்றி எழுதமாட்டான். தவிர, சங்கீதம் 110ம் தானியேல் 7ம் அகுஸ்து ராயனுக்கு வெகுகாலம் முந்தியவை.

இரண்டாவது கேள்வி புதிதல்ல. 1529ல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் சபைச் சீர்திருத்தவாதிகளான லூத்தரும் ஸ்விங்லியும் உட்கார்ந்து இதற்காகவே மோதினார்கள். இது என் சரீரம் என்ற வசனத்தை லூத்தர் மேசைமேல் சாக்குக்கட்டியால் எழுதி விரிப்பால் மூடிவைத்திருந்தார். கிறிஸ்துவின் சரீரம் பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிறது, அப்படியிருக்க அப்பத்தில் எப்படி இருக்கும் என்பது ஸ்விங்லி பக்கத்து வாதம். தேவனுடைய வலதுகரம் என்பது ஏதோ ஒரு மூலையில் போட்ட நாற்காலி இல்லை, அது அவருடைய வல்லமை, அது எட்டாத இடமே இல்லை என்பது லூத்தர். பிற்பாடு இன்னொரு சீர்திருத்தவாதி கால்வின், சரீரம் பரலோகத்தில்தான், நம்மை அவரோடு சேர்ப்பது ஆவியானவர் என்றார். நம் ஊரில் லூத்தரன் சபையும் சிஎஸ்ஐ சபையும் ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒரே பாட்டைப் பாடுகின்றன. இந்த விஷயத்தில் யார் பக்கம் என்று கேட்டால் இரண்டு இடத்திலும் ஆளுக்கு ஆள் முழிப்பார்கள்! அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

எனக்கு இதில் முக்கியம் இடக்கணக்கு இல்லை. அங்கே ஒரு மனுஷன் இருக்கிறார் என்பதுதான். ஆதிச் சபைப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் தம் பரமேறுதல் பிரசங்கத்தில் ஒன்று சொல்கிறார்: எந்த மனுஷ இனம் உள்ளே வரக்கூடாது என்று கேருபீன்கள் ஏதேனைக் காவல் காத்தார்களோ, அதே இனம் இன்று கேருபீன்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆதாமைத் துரத்திய வாசலைத் தாண்டி, அதற்கும் மேலே. 1563ன் ஹைடெல்பெர்க் வினாவிடையிலும் 49ம் கேள்விக்குப் பதிலாக, நம் மாம்சம் பரலோகத்தில் இருப்பது நாமும் அங்கே சேர்வோம் என்பதற்கு உறுதிப் பிணை என்று வருகிறது.

பழைய ஐரோப்பிய ஓவியர்கள் இதை வரைந்த விதம் எனக்குப் பிடிக்கும். மேலே மேகம், அதிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் தொங்கும். கீழே சீஷர்கள் அண்ணாந்து நிற்பார்கள். 1511ல் ஜெர்மன் ஓவியர் டியூரர் வெளியிட்ட மரக்கட்டை அச்சுப்படத்தில் பாறைமேல் அவருடைய காலடித் தடமும் தெரியும். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் காலும் தடமும் இது ஆவி உலாவிய கதை இல்லை என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஒலிவமலை உச்சியில் எண்கோணமாக ஒரு சின்னக் கட்டடம் உண்டு. சிலுவைப்போர்க் காலத்துக் கோயில், 12ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து முஸ்லிம்கள் கையில் இருக்கிறது. பரமேறுதல் திருநாளன்று அங்கே கிறிஸ்தவர்கள் வந்து வழிபட விடுகிறார்கள். உள்ளே ஒரு கல்லை அவருடைய பாதத்தடம் என்று காட்டுவார்கள். அது நிஜத் தடமா என்று நான் சண்டைக்கு வரமாட்டேன்.

மட்டுநகரான் | வெள்ளி, மாலை 6.30

எல்லாரும் நல்லா எழுதியிருக்கிறீங்கள். வாசிச்சுக்கொண்டே வந்தேன். ஒரு கேள்வி.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கட மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடிச்சது. ஞாயிறு பள்ளி முடிஞ்சு வெளியில நின்ற பிள்ளைகள் பலர் அதில போயிட்டினம். கொழும்பில கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பில செபஸ்தியார் கோயில், எல்லாம் அதே காலை. செபஸ்தியார் கோயிலில உயிர்த்த ஆண்டவர் சொரூபத்தில ரத்தம் தெறிச்சிருந்த படத்தை உலகமே பார்த்தது.

அந்த வருஷமும் 40 நாள் கழிச்சு இதே திருநாள் வந்தது. அரசாளுகிறார் என்று பாடினம். எனக்கு வாய் வரேல்ல. அண்டைக்குக் காலமை அவர் சிங்காசனத்தில் இருந்தவரா? இதுதான் கேள்வி. ஆறுதல் வசனம் வேண்டாம், தயவுசெய்து.

கடலோரம் | வெள்ளி, இரவு 7.10

அண்ணா, என்னிடம் பதில் இல்லை. நானும் கேட்கத்தான் காத்திருக்கிறேன்.

ஜெபவீடு | வெள்ளி, இரவு 8.00

ஸ்தோத்திரம். சகோதரருக்காக ஜெபிக்கிறோம். என் புரிதலில் இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. கர்த்தர் இப்போது நம் பிரதான ஆசாரியர். ராஜாவாக அவர் அமர்வது இரண்டாம் வருகைக்குப் பிறகு, ஆயிர வருஷ அரசாட்சியில். இப்போது இந்த உலகத்தின் அதிபதி பிசாசு. அப்படிப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை வந்துவிடும். ராஜா இன்னும் ஆட்சிக்கு வரவில்லை.

எபிரெயர்_வாசகி | வெள்ளி, இரவு 10.45

ஜெபவீடு சகோதரரே, அப்படிப் பிரித்தால் கேள்வி சுலபமாகிவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மத்தேயு 28:18 இடம் கொடுக்கவில்லை. வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிறார். இனிமேல் கொடுக்கப்படும் என்று சொல்லவில்லை. சங்கீதம் 110ல் ராஜாவும் ஆசாரியரும் ஒரே ஆள்தான். முதல் வசனத்தில் உட்காருகிறவர்தான் நாலாம் வசனத்தில் மெல்கிசேதேக்கின் முறைமைப்படி ஆசாரியர். இரண்டையும் பிரித்துப் பார்க்க எபிரெயர் நிருபம் எங்கேயும் விடாது. ஆயிர வருஷம் பற்றி நாம் தனியாகப் பேசலாம்.

மட்டுநகர் அண்ணா, நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை நான் தரவில்லை. நான் அந்த ஊரில் இல்லை, அந்தக் காலையை அனுபவிக்கவில்லை. வேதத்தில் இந்தக் கேள்விக்கு மிகக் கிட்ட வருகிற இடம் எது என்று மட்டும் சொல்கிறேன்.

எபிரெயர் 2:8. சகலத்தையும் அவருக்குக் கீழ்ப்படுத்தினார் என்று சொன்ன மூச்சிலேயே, ஆனாலும் இன்னும் அப்படிக் கீழ்ப்பட்டிருக்கக் காணவில்லை என்றும் எழுதுகிறார். வேதமே கண்ணைத் திறந்துகொண்டுதான் பேசுகிறது. காணவில்லை என்று சொல்ல நமக்கும் உரிமை உண்டு.

அடுத்தது அப்போஸ்தலர் 7. கிறிஸ்துவுக்காக முதலில் உயிர்விட்ட ஸ்தேவான். இயேசுவை விசாரித்த அதே யூத ஆலோசனைச் சங்கம். அங்கேதான் இயேசு, இனி மனுஷகுமாரன் தேவனுடைய வலதுபாரிசத்தில் வீற்றிருப்பார் என்று சொல்லி மரண ஆக்கினை வாங்கினார். அதே சபையில் ஸ்தேவான் அண்ணாந்து பார்த்து, வானம் திறந்திருக்கிறது, மனுஷகுமாரன் வலதுபாரிசத்தில் நிற்கிறார் என்கிறான். உட்கார்ந்திருக்கவில்லை, நிற்கிறார். எபிரெயர் 10ல் ஆசாரியர்கள் நாள்தோறும் நின்று பலியிடுவார்கள், இவரோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார் என்று அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்கிறதே, அப்படி உட்கார்ந்தவர் ஒருவனைக் கல்லெறிந்து கொல்லப்போகும் நேரத்தில் எழுந்து நிற்கிறார். ஏன் என்று கேட்டவர்களில் பழங்காலத் திருத்தந்தை மகா கிரகோரியார் சொன்ன காரணம் பிரபலம்: உட்காருவது நியாயாதிபதிக்குரியது, நிற்பது போராடுகிறவனுக்கும் துணைக்கு வருகிறவனுக்கும் உரியது.

ஆனால் அண்ணா, கல் நிற்கவில்லை. ஒரு கல்லையும் அவர் தடுக்கவில்லை. ஸ்தேவான் செத்துப்போனான். அதை நான் மழுப்பமாட்டேன்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களைக் காத்துக்கொண்டு நின்ற வாலிபன் சவுல், பிற்பாடு பவுல் ஆனவன். இரண்டு அதிகாரம் தள்ளி தமஸ்கு வழியில் அவனை ஒரு சத்தம் நிறுத்துகிறது. சிங்காசனத்திலிருந்து வருகிற சத்தம். ஏன் என் ஜனங்களைத் துன்பப்படுத்துகிறாய் என்று கேட்கவில்லை. நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய் என்று கேட்கிறார். பரலோகத்தில் பத்திரமாக இருக்கிற ராஜாவை பூமியில் எறிந்த கல் எப்படிப் பட்டது? ஸ்தேவான்மேல் விழுந்தது தன்மேல் விழுந்தது என்கிறார் அவர்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: இருந்தார். வெளிப்படுத்தலில் அந்தச் சிங்காசனத்தின் மத்தியில் யோவான் கண்டதும் அடிக்கப்பட்ட வண்ணமாயிருந்த ஆட்டுக்குட்டியை. யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று மூப்பரில் ஒருவர் சொல்லக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் அங்கே நிற்பது அடிபட்ட ஆடு. காயம் ஆறிப்போன ராஜாவை வேதம் எனக்குக் காட்டவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று நீங்கள் கேட்டால் அதற்கு என்னிடம் பதில் கிடையாது. வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

பாளை_வாசகன் | வெள்ளி, இரவு 11.30

வாசகி அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சங்கீதம் 110ல் சத்துருக்களைப் பாதபடியாக்குவேன் என்று இருக்கிறதே, பரமேறிய பிறகு அந்தச் சிங்காசனத்துக்கு முன் விழுந்த சத்துருக்களில் நமக்குப் பேர் தெரிந்த பெரிய ஆள் யார்? இந்தச் சவுல்தான். விழுந்தான், எழுந்தான், ஞானஸ்நானம் பெற்றான், அப்போஸ்தலன் ஆனான். ராயன் தன் சத்துருவைப் பாதபடியாக்கினால் தலை போகும். இவர் பாதபடியாக்கினால் நிருபம் எழுதுகிறான்.

மட்டுநகரான் | சனி, காலை 6.15

வாசகி அக்கா, நன்றி. "காணவில்லை" என்று வேதமே சொல்லுது என்றது எனக்குத் தெரியாம இல்லை, ஆனா ஒருத்தரும் அதைச் சபையில சத்தமா வாசிக்கிறதில்லை. ஸ்தேவான் சங்கதியை இன்னும் யோசிக்க வேணும். ஒத்துக்கொண்டன் எண்டு சொல்லேல்ல.

தெற்குத்தெரு | சனி, காலை 10.00

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப்போகிறேன். கிறிஸ்து அரசர் என்ற பட்டத்தை யார் யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று வரலாற்றைப் பார்க்க வேண்டும். கிறிஸ்து அரசர் என்று பொருள்படும் லத்தீன் பெயரிலிருந்து ஒரு பாதியைப் பிய்த்து ரெக்ஸ் என்று கட்சி தொடங்கியவன் பெல்ஜியத்தின் லியோன் டெக்ரெல். பிறகு நாஜிகளோடு சேர்ந்து அவர்கள் சீருடையிலேயே சண்டைக்குப் போனான். 1970களில் ஸ்பெயினில் கிறிஸ்து அரசரின் கெரில்லாக்கள் என்று ஒரு வலதுசாரி அடியாள் கும்பல் இருந்தது. பரலோகத்தில் ராஜா இருக்கிறார் என்று சொல்கிறவன் அடுத்த வரியில், அவருடைய பிரதிநிதி நான் என்பான்.

நம் ஊரும் சளைத்ததில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்கள் மாதிரி இரண்டு நீண்ட மண்டபங்கள், நடுவில் சுவர். சாதிக்கொரு பக்கம். கால்சட்டைக் கோயில் என்றே பேர். 1910ல்தான் சுவரை இடித்தார்கள், அதற்கும் கோர்ட்டு கேஸ் நடந்தது. பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. ராஜாதி ராஜா என்று தொண்டை கிழியப் பாடிவிட்டு செத்த பிறகும் தள்ளிப்படுக்கச் சொல்கிற கூட்டத்துக்கு நடுவில் எனக்கு இந்தப் பண்டிகை ஒட்டவில்லை.

கடலோரம் | சனி, காலை 11.25

தெற்குத்தெரு அண்ணா, சுவர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க நான் யார்? எங்கள் மறைமாவட்டத்திலும் உண்டு.

ஆனால் அந்தப் பெருவிழா எப்படிப் பிறந்தது என்பதையும் பார்க்கலாம். 1925 டிசம்பர் 11ல் திருத்தந்தை 11ம் பத்திநாதர் ஒரு சுற்றுமடலில் அதை அறிவித்தார். 325ல் ஆயர்கள் கூடி விசுவாசப் பிரமாணம் எழுதிய நீசேயா சங்கத்தின் 1600ம் ஆண்டு அது. அந்த வருடம் ஜனவரியில்தான் முசோலினி நாடாளுமன்றத்தில் எழுந்து எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று சொல்லி சர்வாதிகாரத்தைப் பகிரங்கமாக்கினான். தலைவன் பேச்சுக்கு மேல் பேச்சில்லை என்று ஊர் ஊராகக் கத்திக்கொண்டிருந்த காலத்தில், எல்லாத் தலைவனுக்கும் மேலே ஒருவர் உண்டு என்று சொன்ன விழா. திருச்சபை அரசாங்கங்கள்மேல் பிடி வைத்துக்கொள்ளும் ஆசையும் அந்தச் சுற்றுமடலில் கலந்திருந்தது, அதை நான் மறைக்கவில்லை. முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு. 1969 திருத்தத்தில்தான் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்குப் போனது. இப்போது அன்றைக்கு ஆண்டுக்கு ஒன்றாக மாறி மாறி வாசிக்கிற நற்செய்திகள் மூன்று: கள்வன் ஒருவன் சிலுவையில் கேட்ட வேண்டுதல், பிலாத்துவின் விசாரணை, பசியாயிருந்தேன் நீங்கள் எனக்கு உணவு கொடுத்தீர்கள் என்ற தீர்ப்பு. மூன்றிலும் அரண்மனை இல்லை, படை இல்லை.

பாளை_வாசகன் | சனி, மதியம் 1.15

தெற்குத்தெருவின் கசப்பு இந்த இழைக்குத் தேவையானது. பட்டத்தைத் திருடியவர்கள் உண்டு. அதே பட்டத்தை வைத்துத் திருடர்களுக்கு முன்னால் நின்றவர்களும் உண்டு என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

கி.பி. 180, ஜூலை 17, கார்த்தேஜ். ஸ்கில்லி என்ற ஊரிலிருந்து பிடித்துவந்த எளிய கிறிஸ்தவர்கள் சிலர் ரோம அதிபதி முன் நிற்கிறார்கள். விசாரணைக் குறிப்பு அப்படியே கிடைத்திருக்கிறது. ராயனின் தெய்வீகத்தின்மேல் சத்தியம் செய் என்கிறான் அதிபதி. ஸ்பெராத்துஸ் என்பவர் பதில் சொல்கிறார்: இந்த உலகத்தின் ராஜ்யத்தை நான் அறியேன், நான் திருடியதில்லை, எதை வாங்கினாலும் வரி கட்டுகிறேன், ஏனென்றால் ராஜாதி ராஜாவாகிய என் ஆண்டவரை அறிந்திருக்கிறேன். வரி கட்டுகிறேன் என்ற இடத்தைப் பாருங்கள். மேலே ராஜா இருக்கிறார் என்று சொல்கிறவன் கலகக்காரனும் இல்லை, அடிமையும் இல்லை. அன்றைக்கே தலையை வெட்டினார்கள்.

அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பு சிமிர்னாவில் அந்த ஊர் ஆயரான கிழவர் பாலிகார்ப்பை எரித்தார்கள். அந்தச் சபையார் எழுதிய கடிதத்தின் கடைசியில் அந்தக் காலத்து வழக்கப்படி தேதி போடுகிறார்கள்: இன்ன மாதம், இன்ன நாள், ஸ்தாத்தியஸ் குவாத்ராத்துஸ் அதிபதியாக இருக்கையில். சட்டப்படி அதோடு முடிய வேண்டும். ஆனால் கூடவே இயேசு கிறிஸ்துவோ என்றென்றைக்கும் ராஜாவாக அரசாளுகையில் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மரணப் பதிவில் எழுதியது இது! 1934 மே மாதக் கடைசியில் ஜெர்மனியின் பார்மன் ஊரில் கூடிய சபையார், வாழ்க்கையில் கிறிஸ்துவுக்கு அல்லாமல் வேறு ஆண்டவன்மாருக்குச் சொந்தமான பகுதி என்று ஒன்று கிடையாது என்று அறிக்கை விட்டதும் இந்தப் பரம்பரைதான். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

வடக்கன்குளத்துச் சுவருக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு. பீடத்தில் ஒரு ராஜா, கீழே இரண்டு குடிகள் என்று கட்டிவைத்தால் அது ராஜாவுக்கு எதிரான கலகம், வேறொன்றும் இல்லை. அதை அப்படியே பேர் சொல்லிக் கூப்பிட்டால் நல்லது.

சந்தேகத்தோமா | சனி, மாலை 5.40

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன், அப்புறம் தொந்தரவு செய்யமாட்டேன். 1 கொரிந்தியர் 15:24ல் முடிவிலே அவர் ராஜ்யத்தைப் பிதாவுக்கு ஒப்புக்கொடுப்பார் என்று பவுல் எழுதுகிறார். நீசேயா விசுவாசப் பிரமாணத்தில் அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்று சொல்கிறீர்கள். இரண்டில் எது?

எபிரெயர்_வாசகி | சனி, இரவு 9.10

தொந்தரவு செய்யுங்கள் தம்பி, நல்ல கேள்வியாகத்தான் கேட்கிறீர்கள். உங்களுக்கு முன்னாலேயே 4ம் நூற்றாண்டில் ஒருவர் இதே வசனத்தைப் பிடித்துக்கொண்டார். அங்கீராவின் ஆயர் மார்செல்லஸ். இன்றைக்குத் துருக்கியின் தலைநகர் அங்காரா இருக்கிறதே, அந்த ஊர். குமாரனின் ராஜ்யம் ஒரு வேலைக்காக வந்தது, வேலை முடிந்ததும் அதுவும் முடியும் என்று அவர் போதித்தார். எருசலேமின் சிரில் தம் ஞானஸ்நான வகுப்பில் இதை நேரடியாகவே மறுக்கிறார். 381ல் கான்ஸ்தாந்திநோப்பிளில் கூடியவர்கள், காபிரியேல் மரியாளிடம் சொன்ன லூக்கா 1:33 வார்த்தையையே எடுத்துப் பிரமாணத்தில் சேர்த்தார்கள். 325ல் நீசேயாவில் எழுதியதில் அந்த வரி கிடையாது.

பவுல் சொல்வதில் 25ம் 26ம் வசனத்தைச் சேர்த்து வாசியுங்கள். எல்லாச் சத்துருக்களையும் கீழ்ப்படுத்தும்வரை அவர் ஆளுகை செய்ய வேண்டியது, கடைசிச் சத்துரு மரணம் என்கிறார். மரணத்தோடு நடக்கிற யுத்தம் முடிந்து, ஜெயித்த தேசத்தைக் குமாரன் பிதாவிடம் கொண்டுவந்து கொடுக்கிறார். சிங்காசனத்திலிருந்து இறங்கிப் போகிறார் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. வெளிப்படுத்தலின் கடைசி அதிகாரத்தில், யுத்தமெல்லாம் ஓய்ந்து மரணம் அக்கினிக்கடலில் போன பிறகும் அந்த நகரத்தில் இருப்பது தேவனும் ஆட்டுக்குட்டியானவரும் இருக்கும் சிங்காசனம், ஒரே சிங்காசனம்.

மணி, வாலிபர் கூட்டத்துக்கு இந்த இழை முழுவதையும் கொண்டுபோகாதீர்கள், தூங்கிவிடுவார்கள். லூக்கா 24ன் கடைசி நாலு வசனம், தானியேல் 7:13, 14, அப்போஸ்தலர் 7ம் 9ம். அது போதும். ஸ்தேவானுக்கு மட்டும் நிறைய நேரம் விடுங்கள், பிள்ளைகள் கேட்கப்போவது மட்டுநகர் அண்ணா கேட்டதைத்தான்.

ஆலயமணி | சனி, இரவு 10.20

நாளை மாலை நாலு மணிக்குக் கூட்டம். வாசகி அக்கா சொன்ன பகுதிகளை அச்செடுத்துவிட்டேன். எபிரெயர் 2:8ஐ நானே சத்தமாக வாசிக்கப்போகிறேன், மட்டுநகர் அண்ணா. கல்லறைத் தோட்டத்துப் பேச்சை எடுக்கலாமா என்று குருவானவரிடம் போனில் கேட்டேன். கமிட்டியில் பிரச்சினை வரும் என்றார், எடுக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.